பாதி வரியில் நின்ற எர்ரர் லாக்: ஒரு 504 நிகழ்வு ஆய்வு

ஒரு ஜவுளி விற்பனைத் தளம். ஆடித் தள்ளுபடி ஓடிக்கொண்டிருந்த வாரம். காலை 9:12 முதல் 10:41 வரை ஒரு ஆர்டர்கூடப் பதிவாகவில்லை. முகப்புப் பக்கம் மட்டும் தடங்கலில்லாமல் வந்தது. சேலையைக் கூடையில் போட்டு ஆர்டர் பட்டனை அழுத்தினால் ஒரு நிமிடம் சுற்றிவிட்டு 504 (பின்னாலிருந்து நேரத்துக்குப் பதில் வரவில்லை என்ற பிழை எண்) என்று நின்றது. சர்வர் ஒன்றே ஒன்று: உபுண்டு 22.04, முன்னால் கோரிக்கைகளை வாங்கும் வெப் சர்வரான என்ஜின்எக்ஸ், அதன் பின்னால் பிஎச்பி நிரலை ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம் 8.1, அடியில் டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல் 8.0. எல்லாம் 80 ஜிபி கொண்ட ஒரே டிஸ்கில்.

டிஸ்க் நிரம்பியதுதான் காரணம். கோளாறு என்று பார்த்தால் இது ரொம்பச் சாதாரணமானது. ஆனால் அந்த ஒன்றரை மணி நேரத்தில் பெரும்பகுதி எர்ரர் லாக் (பிழைகள் நேரத்தோடு பதிவாகும் கோப்பு) டெர்மினலில் திறந்தேதான் இருந்தது. பார்த்தவர்கள் யாருக்கும் அது எதையும் சொல்லவில்லை. "சமீபத்திய பதிவு" என்றால் கோப்பின் கடைசி ஐம்பது வரிகள் என்று எடுத்துக்கொண்டார்கள். அந்த வரிகள் எத்தனை மணிக்கு விழுந்தவை, அதன்பின் ஏன் ஒன்றும் விழவில்லை என்று யாரும் கேட்கவில்லை. இந்த ஆய்வை எழுதுவது அந்தக் கேள்விக்காகத்தான்.

ஒரு குறிப்பு: கட்டளைகளையும் லாக் வரிகளையும் ஒலிப்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கமான ஆங்கிலச் சிற்றெழுத்தில்தான் அடிக்க வேண்டும். பெரிய எழுத்து வரும் இடத்தில் சொல்லிவிடுகிறேன். தளம் அடையாளம் தெரியாமலிருக்கத் தேதிகளை நீக்கிவிட்டேன்.

தவறான கோப்பு

நான் போனில் சேர்ந்தது 10:20 வாக்கில். பணியில் இருந்த பையன் சொன்ன முதல் வாக்கியம்: "அண்ணா, லாக்ல ஒண்ணுமே வரல. டெயில் போட்டு வச்சிருக்கேன், அப்படியே நிக்குது."

டெயில், கோப்பின் கடைசி வரிகளையும் அதன்பின் புதிதாக விழுபவற்றையும் காட்டும் கட்டளை. சூடோ, முழு உரிமை பெற்ற ரூட் பயனராகக் கட்டளையை ஓட்டும். அவன் போட்டு வைத்திருந்தது இது:

சூடோ டெயில் -எஃப் /வார்/லாக்/என்ஜின்எக்ஸ்/எர்ரர்.லாக்

இதில் இரண்டு சந்தேகம் வரலாம். ஒன்று, லாக் சுழற்சி. உபுண்டுவில் லாக்ரொட்டேட் தினமும் இந்தக் கோப்பின் பெயரை எர்ரர்.லாக்.1 என்று மாற்றிவிட்டுப் புதிதாக ஒன்றை உருவாக்கும். சிறிய எஃப் போட்ட டெயில் பெயரைப் பின்தொடராது, தான் முதலில் திறந்த கோப்பையே பிடித்துக்கொண்டிருக்கும். பெயர் மாறிய பழைய கோப்பில் என்ன வரப்போகிறது? இரவெல்லாம் டெயிலைத் திறந்து வைத்துவிட்டுக் காலையில் "அமைதியாக இருக்கிறது" என்று நம்புவது இப்படித்தான் நடக்கிறது. பெரிய எஃப் போட்டால் டெயில் பெயரைப் பின்தொடரும். கோப்பு மாறினால் புதியதைத் திறந்துகொள்ளும். சிறிய எஃப்பைக் கையிலிருந்தே மறந்துவிடலாம் என்பது என் கட்சி. ஆனால் அன்று பையன் டெயிலைத் தொடங்கியது காலை 9:30க்கு மேல், சுழற்சி முடிந்து பல மணி நேரம் கழித்து. அதனால் இந்தச் சந்தேகம் அங்கேயே முடிந்தது.

இரண்டாவது சந்தேகம் சரியாக இருந்தது. அது பொதுவான எர்ரர் லாக். என்ஜின்எக்ஸ் அமைப்பில் இந்தத் தளத்துக்குரிய பகுதியான சர்வர் பிளாக்கில் தனி லாக் கொடுத்திருந்தார்கள். எந்தக் கோப்பில் எழுதுகிறது என்று ஊகிக்க வேண்டியதில்லை, என்ஜின்எக்ஸையே கேட்கலாம்:

சூடோ என்ஜின்எக்ஸ் -டி | கிரெப் எர்ரர்_லாக்

இங்கே டி பெரிய எழுத்து. மொத்தக் கான்ஃபிகரேஷனையும், இன்க்ளூட் செய்த கோப்புகளோடு சேர்த்துக் கொட்டும். அதில் ஷாப்.எர்ரர்.லாக் என்று தனியாக ஒரு பாதை வந்தது. அதைத் திறக்கப் போனால் பர்மிஷன் டினைட். உபுண்டுவில் இந்தக் கோப்புகள் 0640 அனுமதியோடு, ஏடிஎம் (adm) என்ற பயனர் குழுவுக்குப் படிக்கும் உரிமையோடு உருவாகின்றன. பையனின் கணக்கு அந்தக் குழுவில் இல்லை. சூடோ போட்டதும் திறந்தது.

இடையில் அவன் சிஸ்டத்தின் பொதுப் பதிவேடான ஜர்னலை ஜர்னல்சிடிஎல் -யு என்ஜின்எக்ஸ் என்றும் பார்த்திருந்தான். சர்வீஸ் தொடங்கிய பழைய வரி மட்டும் இருந்தது. அது அப்படித்தான் இருக்கும். என்ஜின்எக்ஸ் கோரிக்கைப் பிழைகளைத் தன் கோப்பில் நேரடியாக எழுதுகிறது, ஜர்னலுக்கு அவை போவதே இல்லை. சர்வீஸ் விழுந்ததா எழுந்ததா என்பதற்குத்தான் ஜர்னல்.

பாதியில் அறுந்த வரி

சரியான கோப்பின் கடைசிப் பகுதி இதுதான். ஐபி, ஹோஸ்ட் போன்றவற்றை வெட்டியிருக்கிறேன்:

09:13:07 [எர்ரர்] *48213 அப்ஸ்ட்ரீம் டைம்ட் அவுட் (110: கனெக்‌ஷன் டைம்ட் அவுட்) வைல் ரீடிங் ரெஸ்பான்ஸ் ஹெடர் ஃப்ரம் அப்ஸ்ட்ரீம், ரிக்வெஸ்ட்: "போஸ்ட் /செக்அவுட்"
09:13:31 [எர்ரர்] *48219 அப்ஸ்ட்ரீம் டைம்ட் அவுட் (110: கனெக்‌ஷன் டைம்ட் அவுட்) வைல் ரீடிங் ...
09:15:22 [எர்ரர்] *48251 அப்ஸ்ட்ரீம் டைம்ட் அவுட் (110: கனெக்‌ஷன் டை

கடைசி வரியைப் பாருங்கள். "டைம்ட்" என்ற சொல்லின் நடுவில் முடிகிறது. நேரம் 09:15:22. நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது 10:25க்கு. தளம் அப்போதும் விழுந்தே கிடந்தது, மக்கள் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு வரியாவது விழுந்திருக்க வேண்டும். எழுபது நிமிடமாக ஒன்றுமில்லை.

110 என்ற பிழை புதிதல்ல. அப்ஸ்ட்ரீம் என்பது இங்கே பிஎச்பி-எஃப்பிஎம். பிஎச்பியிடம் கோரிக்கையைக் கொடுத்துவிட்டு என்ஜின்எக்ஸ் 60 விநாடி காத்திருந்தது, பதில் வரவில்லை, 504 கொடுத்தது. இயல்பாக அமைந்திருக்கும் காலக்கெடுவே 60 விநாடிதான். ஆக 09:13:07 என்று பதிவான பிழைக்குரிய கோரிக்கை 09:12:07க்கு வந்திருக்க வேண்டும். எர்ரர் லாக்கில் டைம்அவுட் வரியைப் பார்த்தால் அதிலிருந்து காலக்கெடுவைக் கழித்துவிட்டுத் தேட வேண்டும். பலர் 09:13ஐச் சுற்றித் தேடுவார்கள். விஷயம் நடந்தது 09:12ல்.

வரி ஏன் பாதியில் அறுந்தது? கோப்பின் அளவைப் பார்க்கச் சொன்னேன். ஸ்டாட் கட்டளை 2850816 பைட் என்று காட்டியது. 4096ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 696 வருகிறது. இந்த டிஸ்கின் கோப்பு முறைமையான எக்ஸ்ட்4, இடத்தை 4096 பைட் பிளாக்குகளாகத்தான் ஒதுக்குகிறது. டிஸ்க் நிரம்பினாலும், ஏற்கெனவே ஒதுக்கிய கடைசி பிளாக்கில் மிச்சமிருக்கும் இடத்தில் எழுதலாம். அது தீர்ந்த பைட்டில் எழுத்து அறுந்துவிடும். லாக் கோப்பின் அளவு 4096இன் மடங்காக இருந்து, கடைசி வரியும் பாதியில் நின்றால், வேறு எதையும் பார்க்குமுன் டிஸ்கைப் பார்க்கலாம்.

என்ஜின்எக்ஸ் இதைப் பற்றிக் கூச்சல் போடாது. எழுத முயலும், இடமில்லை என்று கெர்னல் சொல்லும், அந்த விநாடிக்கு மட்டும் லாக் எழுதுவதை விட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கும். எங்கே போய்ப் புகார் சொல்வது? புகார் எழுதும் இடமும் அதே டிஸ்க்தான்.

வரும் கோரிக்கை ஒவ்வொன்றையும் பதியும் ஆக்சஸ் லாக்கையும் ஒரு பார்வை பார்த்தோம். அது 09:12லேயே நின்றிருந்தது. அதில் வரிகள் வேகமாக விழுவதால் மிச்ச பிளாக் சீக்கிரம் தீர்ந்துவிட்டது. எர்ரர் லாக்கில் மெதுவாக விழுந்ததால் மூன்று நிமிடம் தாக்குப் பிடித்தது. எர்ரர் லாக் பேசாமல் இருந்தால் அது நல்ல செய்தியாகவும் இருக்கலாம். தள்ளுபடி வாரத்தில், முகப்பு வந்துகொண்டிருக்கும் தளத்தில், ஆக்சஸ் லாக் ஒரு மணி நேரம் பேசாமல் இருப்பதற்கு நல்ல விளக்கம் எதுவும் கிடையாது. எர்ரர் லாக்கைத் திறக்குமுன் ஆக்சஸ் லாக்கின் கடைசி வரியின் நேரத்தைப் பார்ப்பது இரண்டு விநாடி வேலை. அது ஓடுகிறது என்று தெரிந்தால்தான் எர்ரர் லாக்கின் அமைதியை நம்ப முடியும்.

ரூட் எழுதினால் எழுதும்

"டிஸ்க் நிறைஞ்சிருக்காதுண்ணா" என்றான் பையன். அதற்கு அவனிடம் இரண்டு காரணம் இருந்தன. முந்தைய நாள் மாலை டிஸ்க் எச்சரிக்கை வந்து, 27 ஜிபி இருந்த ஒரு அப்ளிகேஷன் லாக்கை ஆர்எம் போட்டு அழித்துவிட்டு, "இடம் காலி பண்ணியாச்சு" என்று குழுவில் செய்தியும் போட்டிருந்தார்கள். இரண்டாவது, சற்று முன்புதான் அவன் ரூட்டாக /வார்/லாக்கில் ஒரு சோதனைக் கோப்பை எழுதிப் பார்த்திருந்தான். எழுதியது.

இரண்டாவது காரணம் நன்றாக ஏமாற்றும். எக்ஸ்ட்4 கோப்பு முறைமை வழக்கமாக 5 சதவீத இடத்தை ரூட்டுக்கென்று ஒதுக்கி வைக்கிறது. 80 ஜிபியில் அது கிட்டத்தட்ட 4 ஜிபி. சாதாரணப் பயனருக்கு டிஸ்க் முழுதும் தீர்ந்த பிறகும் ரூட் எழுத முடியும். என்ஜின்எக்ஸின் ஒர்க்கர்கள் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்ற பயனராக ஓடுகின்றன, மைஎஸ்க்யூஎல் அதன் சொந்தப் பயனராக ஓடுகிறது. சூடோ போட்டுச் செய்யும் சோதனை இவர்களின் நிலையைக் காட்டாது. சோதிப்பதானால் சூடோ -யு போட்டு அதே பயனராக எழுதிப் பார்க்க வேண்டும்.

டிஎஃப் -எச் அடித்தோம். பயன்பாடு 100 சதவீதம், மீதம் 0.

மைஎஸ்க்யூஎல் சொன்னது, யாரும் கேட்காதது

உண்மையில் ஒரு லாக் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. /வார்/லாக்/மைஎஸ்க்யூஎல்/எர்ரர்.லாக் கோப்பில் இது இருந்தது:

03:42:09இசட் [எர்ரர்] [எம்ஒய்-000035] டிஸ்க் ஈஸ் ஃபுல் ரைட்டிங் './பின்லாக்.000148' (ஓஎஸ் எர்னோ 28 - நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்). வெயிட்டிங் ஃபார் சம்ஒன் டு ஃப்ரீ ஸ்பேஸ்... ரீட்ரை இன் 60 செக்ஸ். மெசேஜ் ரீபிரின்ட்டட் இன் 600 செக்ஸ்.

பின்லாக் என்பது டேட்டாபேஸில் நடக்கும் மாற்றங்களைப் பதியும் பைனரி லாக். அதை எழுத இடமில்லை, யாராவது வந்து இடம் ஒதுக்கித் தருவார்கள் என்று காத்திருப்பதாகவே எழுதியிருக்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அதையே திரும்பவும் எழுதியிருக்கிறது. இந்தச் சில வரிகளுக்கு அந்தக் கோப்பின் கடைசி பிளாக்கில் மிச்சமிருந்த இடம் போதுமானதாக இருந்தது. பையன் இதை 9:40க்கே பார்த்திருந்தான். பார்த்துவிட்டுக் கடந்து போயிருந்தான். அதிகாலை 3:30க்கு இந்தச் சர்வரில் டேட்டாபேஸ் பேக்கப் ஓடும். அந்த நேரத்தில் தற்காலிகமாக இடம் தீர்ந்து, பேக்கப் முடிந்ததும் சரியாகியிருக்கும் என்று நினைத்துவிட்டான். நேரத்தைப் பார்த்தால் நியாயமான ஊகம்தான்.

ஆனால் நேரத்தின் முடிவில் ஒரு இசட் எழுத்து இருக்கிறது. மைஎஸ்க்யூஎல் 8.0 தன் எர்ரர் லாக்கில் இயல்பாக யுடிசி என்ற உலகப் பொது நேரத்தையே எழுதுகிறது. இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். 03:42:09 என்பது காலை 09:12:09. என்ஜின்எக்ஸின் முதல் டைம்அவுட்டிலிருந்து 60 விநாடியைக் கழித்தால் வரும் நேரத்தோடு அப்படியே பொருந்துகிறது. நாங்கள் பார்த்தபோது கோப்பின் கடைசி வரியில் 04:52 என்று இருந்தது. நம் கடிகாரத்தில் அது 10:22, அதாவது மூன்று நிமிடத்துக்கு முன்பு. ஒன்று உள்ளூர் நேரம், ஒன்று யுடிசி என்று இரண்டு லாக்குகளை அருகருகே வைத்துக்கொண்டு "எது சமீபம்" என்று கேட்டால் தவறான விடைதான் கிடைக்கும். இந்தியாவில் இது இன்னும் மோசம். ஐந்தரை மணி நேர வித்தியாசம் காலை வேலை நேரத்தை அதிகாலைக்குக் கொண்டுபோய்ப் போடுகிறது. அதிகாலையில்தான் எல்லாரும் பேக்கப்பும் கிரானும் (நேரம் குறித்துத் தானாக ஓடும் வேலைகள்) வைத்திருப்பார்கள், சந்தேகத்தைப் போட்டுவிட வசதியாக.

அதனால் இப்போது இந்தக் குழுவில் எந்த லாக்கைத் திறப்பதற்கு முன்பும் டேட் கட்டளையை ஒரு முறையும், யு கொடியோடு இன்னொரு முறையும் அடிக்கிறார்கள். இரண்டு நேரமும் திரையின் மேலே நிற்கும். கீழே வரும் வரி எதோடு பொருந்துகிறது என்று கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம்.

ஐந்து பிள்ளைகள்

டேட்டாபேஸ் எழுத முடியாமல் நின்றால் ஆர்டர் மட்டும்தானே நிற்க வேண்டும்? சேலைப் படங்களைப் பார்க்கும் பக்கங்கள் ஏன் நின்றன என்று கடைக்காரர் கேட்டார். விடை பிஎச்பி-எஃப்பிஎம் லாக்கில் ஒரே வரியில் இருந்தது: பிஎம்.மேக்ஸ்_சில்ட்ரன் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய பிஎச்பி பிள்ளை புராசஸ்கள்) எல்லை 5ஐ எட்டிவிட்டது, கூட்டுவதைப் பரிசீலியுங்கள் என்று. நேரம் 09:13. இந்த லாக்கை எழுதுவது எஃப்பிஎம்மின் மாஸ்டர் புராசஸ். அது ரூட்டாக ஓடுவதால், இடம் தீர்ந்த பிறகும் எழுத முடிந்தது.

உபுண்டு தரும் அமைப்பில் ஒரே நேரத்தில் ஐந்து பிஎச்பி புராசஸ்கள்தான். ஐந்து பேர் ஆர்டர் அழுத்தினார்கள், ஐந்தும் மைஎஸ்க்யூஎல் பதிலுக்காக உறைந்தன. பிஎச்பியின் அதிகபட்ச ஓட்ட நேரக் கெடு இங்கே உதவாது. லினக்ஸில் அது டேட்டாபேஸுக்குக் காத்திருக்கும் நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நீண்டுபோகும் கோரிக்கையை வெட்டிவிடும் எஃப்பிஎம்மின் ரிக்வெஸ்ட்_டெர்மினேட்_டைம்அவுட் இயல்பாக அணைந்தே இருக்கிறது. என்ஜின்எக்ஸ் 60 விநாடியில் கைவிட்டுப் போய்விடும். பிஎச்பி புராசஸ் மட்டும் அதே இடத்தில் நின்றுகொண்டே இருக்கும். முகப்புப் பக்கத்தை என்ஜின்எக்ஸ் தன் கேஷிலிருந்தே (முன்பே சேமித்து வைத்த நகல்) கொடுத்ததால் அது மட்டும் தப்பியது. கண்காணிப்புக் கருவியும் அந்த முகப்பையே தட்டிப் பார்த்துப் பச்சை விளக்கு காட்டிக்கொண்டிருந்தது.

எஃப்பிஎம் இந்த எச்சரிக்கையை வரிவரியாக எழுதுவதில்லை. நிரம்பும்போது ஒரு முறை சொல்லும். நிலைமை மாறி மறுபடி நிரம்பினால்தான் இன்னொரு முறை சொல்லும். ஒரே ஒரு வரி, அதுவும் ஒன்றேகால் மணி நேரம் பழையது என்று தள்ளிவிடக் கூடாது. அது இன்னும் முடியாத ஒரு நிலையின் தொடக்கம். பையன் "20 ஆக்கிடலாமா அண்ணா?" என்று கேட்டான். 20 ஆக்கியிருந்தால் இருபதும் அதே குழியில் போய் நின்றிருக்கும்.

பத்து மணிக்கு மேல் 504க்குப் பதிலாக உடனடியாக 502 வர ஆரம்பித்ததாகக் கடைக்காரர் சொன்னதும் இதன் தொடர்ச்சிதான். ஐந்து புராசஸும் அடைபட்டால் அடுத்து வரும் கோரிக்கைகள் எஃப்பிஎம் சாக்கெட்டின் (என்ஜின்எக்ஸ் எஃப்பிஎம்மோடு இணையும் வாயில்) வரிசையில் நிற்கும். அந்த வரிசையின் இயல்பான நீளம் 511. அதுவும் நிரம்பினால் என்ஜின்எக்ஸால் இணையவே முடியாது. பிழை எண் 11 வரும், காத்திருப்பு இல்லாமல் 502 வரும். அந்த வரிகள் எந்த லாக்கிலும் இல்லை, எழுத இடமில்லாததால். அன்று அவற்றுக்கிருந்த ஒரே சாட்சி கடைக்காரரின் செல்போன் திரை.

அழித்த கோப்பைப் படிப்பது

27 ஜிபி அழித்தும் டிஸ்க் எப்படி நிரம்பியது? பெயருள்ள கோப்புகளை டியூ கட்டளை கூட்டிச் சொன்ன கணக்குக்கும் டிஸ்கில் பயன்பட்ட இடம் என்று டிஎஃப் சொன்ன கணக்குக்கும் 31 ஜிபி இடித்தது. இந்த இடைவெளி வந்தால் பெரும்பாலும் ஒரே காரணம்: பெயர் போய்விட்டது, கோப்பு போகவில்லை. வீட்டு வாசலில் இருக்கும் கதவு எண் பலகையைக் கழற்றினால் உள்ளே குடியிருப்பவர் வெளியேறிவிடுவதில்லை. ஆர்எம் கழற்றுவது அந்தப் பலகையைத்தான். ஏதாவது ஒரு புராசஸ் கோப்பைத் திறந்து வைத்திருக்கும்வரை அதன் பிளாக்குகள் விடுபடாது. அதே புராசஸ் தொடர்ந்து எழுதிக்கொண்டும் இருக்கும்.

சூடோ எல்எஸ்ஓஎஃப் +எல்1

இங்கே எல் பெரிய எழுத்து. பெயர் இழந்து, ஆனால் திறந்திருக்கும் கோப்புகளை இது பட்டியலிடும். ஒரு பிஎச்பி புராசஸ், எண் 1183, ஃபைல் டிஸ்கிரிப்டர் (திறந்த கோப்புக்குப் புராசஸ் வைத்திருக்கும் எண்) 3, 31 ஜிபி, வரியின் இறுதியில் "டெலீட்டட்" என்ற சொல். மின்னஞ்சலும் எஸ்எம்எஸ்ஸும் அனுப்பும் கியூ ஒர்க்கர் அது. மாலையில் கோப்பை அழித்தபோது 27 ஜிபி. இரவெல்லாம் பெயரில்லாத கோப்பில் எழுதி 31 ஆக்கியிருக்கிறது. காலை 9:12க்கு மீதியிருந்ததும் தீர்ந்தது.

உடனே ஒர்க்கரை மறுதொடக்கம் செய்தால் இடம் கிடைத்துவிடும். ஆனால் என்ன எழுதி இவ்வளவு நிரப்பியது என்ற தடயமும் போய்விடும். அழித்த கோப்பையும் படிக்கலாம் என்பதை இந்த இடத்தில் பலர் மறந்துவிடுகிறார்கள். புராசஸ் உயிரோடு இருக்கும்வரை கோப்பு /ப்ராக் வழியாக எட்டும்:

சூடோ டெயில் -என் 200 /ப்ராக்/1183/எஃப்டி/3

இருநூறு வரியில் பெரும்பாலானவை ஒரே எச்சரிக்கை: ஒரு அரே கீ இல்லை என்று, கூடவே நீண்ட ஸ்டாக் டிரேஸ் (நிரல் எந்த வழியில் அங்கே வந்தது என்ற பட்டியல்). அந்தக் கடைசி இருநூறைத் தற்காலிக நினைவகத்தில் இருக்கும் /ரன் அடைவுக்கு எடுத்து வைத்தோம், அது டிஸ்கில் இடம் கேட்காது என்பதால். பிறகு நேரமுத்திரையை வெட்டிவிட்டு எண்ணிப் பார்த்தோம். சார்ட், யூனிக் -சி, மறுபடி சார்ட் -ஆர்என் என்ற பழைய மூவர் கூட்டணிதான். ஒரு செய்தி மட்டும் மேலே தனியாக நின்றது. தோற்ற வேலையை இடைவெளியே இல்லாமல் உடனுக்குடன் மறுமுயற்சி செய்யும்படி ஒர்க்கரை அமைத்திருந்தார்கள். ஒவ்வொரு முயற்சிக்கும் முழு டிரேஸ். அந்த அப்ளிகேஷன் லாக் இருந்த அடைவு லாக்ரொட்டேட் அமைப்பில் இல்லவே இல்லை.

விடுவித்தது

மைஎஸ்க்யூஎல்லை மறுதொடக்கம் செய்யலாமா என்ற கேள்வி வந்தது. வேண்டாம் என்றேன். டிஸ்க் நிரம்பியிருக்கும்போது அதை நிறுத்தினால் தற்காலிகக் கோப்புகளை உருவாக்க இடமின்றி மீண்டும் எழாமலே போகலாம். இடம் கிடைத்தால் தானாக விழித்துக்கொள்வேன் என்றுதான் லாக்கிலேயே எழுதியிருக்கிறதே. ஒர்க்கரை மட்டும் மறுதொடக்கம் செய்தோம். டிஎஃப்பில் 31 ஜிபி திரும்பி வந்தது. 60 விநாடிக்கு ஒரு முறை முயலும் மைஎஸ்க்யூஎல் ஒரு நிமிடத்துக்குள் எழுதத் தொடங்கியது. நேரம் 10:41.

என்ஜின்எக்ஸ் எர்ரர் லாக்கும் உயிர்பெற்றது. ஆனால் முதல் புதிய வரி தனி வரியாக விழவில்லை. 09:15:22இல் அறுந்த "கனெக்‌ஷன் டை" என்பதற்கு அடுத்த எழுத்தாகவே அது ஒட்டிக்கொண்டது. அதற்கடுத்து சில விநாடிகளுக்கு பிழை எண் 11 வரிகள். 502க்கான காரணம் அப்போதுதான் எழுத்தில் வந்தது. பின்னர் அறிக்கைக்காக நேரவாரியாகப் பிரித்தபோது இந்த ஒட்டு வரி தொல்லை கொடுத்தது. நாங்கள் போட்டது இது:

ஆக் '$2 >= "10:40:00"' ஷாப்.எர்ரர்.லாக்

இடைவெளியால் பிரியும் இரண்டாவது பத்தியில் இருக்கும் நேரத்தை ஒப்பிடும் எளிய வடிகட்டி (முதல் பத்தி, நான் நீக்கிய தேதி). நேரப்படி லாக்கை அறுப்பதற்கு இதைவிடச் சின்ன வழி எனக்குத் தெரியாது. ஆனால் ஒட்டிய வரியின் இரண்டாவது பத்தி 09:15:22 என்றே இருக்கும். மீட்சியின் முதல் வரி வடிகட்டியில் தப்பிப் போகும். அறுந்த லாக்கில் அறுந்த இடத்தைக் கண்ணால் ஒரு முறை படித்தாக வேண்டும்.

மாற்றியவை

அப்ளிகேஷன் லாக் அடைவை லாக்ரொட்டேட்டில் சேர்த்தது, மறுமுயற்சிக்கு இடைவெளி கொடுத்தது, கண்காணிப்புக் கருவியை முகப்பிலிருந்து டேட்டாபேஸில் எழுதும் ஒரு பக்கத்துக்கு மாற்றியது எல்லாம் செய்யவேண்டியவை, விவாதமே இல்லை. பைனரி லாக்கை வைத்திருக்கும் காலமும் இயல்பான 30 நாளிலிருந்து குறைந்தது. எஃப்பிஎம்மில் ரிக்வெஸ்ட்_டெர்மினேட்_டைம்அவுட்டை 60 விநாடிக்குச் சற்று மேலே வைத்தோம். பிள்ளைகளின் எண்ணிக்கையை நினைவகத்தைக் கணக்கிட்டுக் கூட்டியதும் நடந்தது, ஆனால் அது இந்த நிகழ்வுக்கான மருந்து இல்லை.

வாக்குவாதம் வந்தது கடிகாரத்தில்தான். சர்வர் முழுவதையும் யுடிசிக்கு மாற்று என்பது ஒரு தரப்பு. பல நாடுகளில் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு அதுதான் சரி. ஒரே ஊர், ஒரே சர்வர், கடைக்காரர் "ஒன்பதேகாலுக்கு நின்னுச்சு" என்று போனில் சொல்லும் இடத்தில், மனக்கணக்கு ஒன்று குறைந்தால் நல்லது என்பது என் தரப்பு. மைஎஸ்க்யூஎல்லில் லாக்_டைம்ஸ்டாம்ப்ஸ் என்ற அமைப்பை சிஸ்டம் என்று மாற்றினோம். இப்போது எல்லா லாக்கும் ஒரே நேரம் பேசுகின்றன.

லாக்கில் வராத ஒன்று

10:41க்குப் பிறகு சில நிமிடங்களில் ஆர்டர்கள் மளமளவென்று விழுந்தன. கடைக்காரருக்குச் சந்தோஷம். அவை புதியவை அல்ல என்று அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது.

எஃப்பிஎம் சாக்கெட் வரிசையில் நின்றிருந்த கோரிக்கைகளை என்ஜின்எக்ஸ் எப்போதோ கைவிட்டிருந்தது. வாடிக்கையாளரும் பக்கத்தை மூடிப் போயிருந்தார். ஆனால் அனுப்பிய தரவு சாக்கெட்டின் பஃபரில் அப்படியே இருந்தது. ஐந்து புராசஸும் விடுபட்டதும் வரிசையில் இருந்த ஒவ்வொன்றையும் எடுத்து, படித்து, ஆர்டராகப் பதிந்தன. பதிலைத் திருப்பி அனுப்பும்போதுதான் எதிர்முனையில் யாருமில்லை என்று அவற்றுக்குத் தெரியும். அதற்குள் வரி டேட்டாபேஸில் சேர்ந்துவிட்டது. 504 பார்த்து மூன்று முறை அழுத்தியவருக்கு மூன்று ஆர்டர். ஆக்சஸ் லாக்கில் அந்த அழுத்தல்களின் பதிவு இல்லை, எர்ரர் லாக்கிலும் இல்லை.

ஆர்டர் அட்டவணையில் 10:41க்குப் பின் சில நிமிடங்களில் பதிவானவற்றை எடுத்து, ஒரே செல்போன் எண், ஒரே சேலை, ஒரே தொகை என்று இருந்தவற்றைப் பிரித்துக் கொடுத்தோம். எது வேண்டும், எது வேண்டாம் என்று கடையில் இருந்த இரண்டு பெண்கள் ஒவ்வொரு எண்ணுக்கும் போன் போட்டுக் கேட்டு, அதன்பிறகே பார்சல் கட்டினார்கள். ஆர்டர் பட்டனுக்கு ஒரு முறை மட்டுமே செல்லும் டோக்கன் வைக்கும் வேலை அடுத்த வாரம் தொடங்கியது.